ஒரே சத்தம்

நாத்தனாரும் அண்ணியும் ஒரே வேலையை ஒரே நேரத்தில் ஒரே மாதிரி செய்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஒருத்தி ஜன்னலைத் திறந்தால் இன்னொருத்திக்குச் சளி பிடிக்கும். ஒருத்தி டிவியை வைத்தால் இன்னொருத்திக்குத் தலை வலிக்கும். ஊர் உலகத்தில் அப்படித்தான். ஆனால் இந்த அண்ணியும் நாத்தனாரும் இருக்கிறார்களே, தண்ணீருக்கு மேலே மூன்று மீட்டர் உயரத்தில் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் நின்று, ஒரே நொடியில் எம்பி, ஒரே மாதிரி சுருண்டு, ஒன்றாகத் தண்ணீருக்குள் போவதையே வேலையாக வைத்திருந்தார்கள். அதுவும் ஏதோ பொழுதுபோக்குக்கு இல்லை. உலகப் போட்டியில், இறுதிச் சுற்றில்.

பதினொரு நடுவர்கள். அதில் ஐந்து பேருக்கு ஒரே வேலைதான், இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்களா இல்லையா என்று பார்ப்பது. அண்ணி நாத்தனார் ஒத்துப்போகிறார்களா என்று வேவு பார்க்க எல்லா ஊரிலும் அக்கம்பக்கத்தில் ஆள் உண்டு. இங்கே அவர்களுக்கு வெள்ளைச் சட்டை போட்டு உயரமான நாற்காலி கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜோடி சேர்ந்தது கல்யாணத்துக்கு முன்பே. அப்போது பெரியவள் அண்ணி இல்லை, அக்கா. சின்னவளுக்கு வீட்டில் வாண்டு என்று பெயர். பார்க்கவும் அப்படித்தான் இருப்பாள், ஒரு கை அளவு. வாண்டுவைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விட வந்த அவள் அண்ணன், தங்கையை விட்டுவிட்டு அவளுடைய ஜோடியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று நீச்சல்குளத்தில் இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள்.

அதுவரைக்கும் வாண்டு பேசுகிற பேச்சே வேறு. "அக்கா, நீ லேட்டு. முட்டியை ஏன் அப்படி மடக்கறே, கோழி மாதிரி?" என்று பலகை மேலிருந்தே கத்துவாள். கல்யாணம் முடிந்த மறுநாள் மாமனார் மகளைக் கூப்பிட்டு, "இனிமே அக்காவும் கிடையாது கொக்காவும் கிடையாது. அண்ணின்னு கூப்பிடு. நீங்க வாங்கன்னு பேசு" என்று சொல்லிவிட்டார். வாண்டுவும் சொன்னபடி கேட்டாள். சொன்னதைக் கேட்காதவள் அதை மட்டும் கேட்டாள், பாருங்கள். அன்றிலிருந்து "அண்ணி, நீங்க பிரமாதம் அண்ணி" என்றுதான் பேச்சு. கோச்சிலிருந்து காவலாளி வரை எல்லோருக்கும் அவள் அண்ணி ஆகிப்போனாள்.

பிறகு குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. ஒரு வருஷத்துக்கும் மேலாக அண்ணி பலகைப் பக்கம் போகவில்லை. அந்தச் சமயத்தில் கோச் வாண்டுவை வேறொரு சின்னப் பெண்ணோடு சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். பதினேழு வயது, ரப்பர் மாதிரி உடம்பு. ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் எட்டிப் பார்த்த அண்ணி, அந்த இரண்டு பேரும் குளக்கரையில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். மறுவாரமே உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்து நின்றாள்.

கோச் நல்லவர்தான். ஆனால் சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிற ரகம். "இந்தப் போட்டிக்கு நீங்க ரெண்டு பேரும் போங்க. பதக்கம் வந்தா இந்த ஜோடி தொடரும். வரலேன்னா நான் வாண்டுவை அந்தப் பொண்ணோட போட்டுருவேன். வருத்தப்படக் கூடாது அண்ணி."

"வருத்தமெல்லாம் படமாட்டேன். கொண்டு வந்துருவேன்" என்றாள் அண்ணி.

சொல்லிவிட்டாளே தவிர, உடம்பு பழைய உடம்பு இல்லை. கொஞ்சம் கனம் கூடியிருந்தது. தரையில் அது ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பலகைக்குத் தெரியும். கனமான உடம்பு ஏறினால் அது நிதானமாகத் தாழ்ந்து நிதானமாகத் தூக்கும். லேசான உடம்பென்றால் விருட்டென்று தூக்கிவிடும். இதைச் சரிக்கட்டத்தான் பலகைக்கு அடியில் ஒரு சக்கரம் இருக்கிறது. ஏறினதும் காலால் உருட்டி முன்னே தள்ளினால் பலகை விறைக்கும், வேகமாகத் தூக்கும். பின்னே தள்ளினால் தளரும், மெதுவாகத் தூக்கும். விறைப்பான பலகையை மிதித்து எழும்ப காலில் நல்ல வலு வேண்டும். ஒவ்வொருத்திக்கும் அவள் அவள் உடம்புக்கு ஏற்ற இடம் ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இருவரும் தங்கள் இடத்தை மாற்றினதில்லை.

போட்டி நடக்கிற இடத்துக்கு வந்து முதல் பயிற்சியிலேயே அண்ணி ஒரு கண்ணிமைப்பு பின்தங்கினாள். யாரிடமும் சொல்லாமல் சக்கரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளினாள். அடுத்த டைவில் பார்த்தால் இவள் முந்திக்கொண்டாள்! சரி, அதிகமாகத் தள்ளிவிட்டோம் என்று கொஞ்சம் பின்னே இழுத்தாள். மறுபடி பின்தங்கினாள். எதிர் எதிரே வருகிற இரண்டு பேர் வாசலில் வழிவிடுகிறேன் பேர்வழி என்று ஒரே பக்கம் ஒதுங்கி ஒதுங்கி முட்டிக்கொள்வார்களே, அதே கதைதான். ஏன் இப்படி ஆகிறது என்று அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கோச் விடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். உடம்புகளைத்தான் பார்த்தார், சக்கரத்தை யார் படம் எடுத்தார்கள்?

வாண்டுவிடம் கேட்டால், "உங்க மேல தப்பே இல்ல அண்ணி, நான்தான் சரியா பண்ணல" என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். அந்த மரியாதையைத்தான் அண்ணியால் தாங்கவே முடியவில்லை.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமனார் கூடவே வந்திருந்தார். புருஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ், லீவு கிடைக்கவில்லை. மாமனார் பஸ் டிரைவர். பத்து நாள் லீவு போட்டுவிட்டு, பேத்தியை நெஞ்சோடு துணித் தொட்டிலில் கட்டிக்கொண்டு, பார்வையாளர் வரிசையில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், பாஷை தெரிகிறதோ இல்லையோ, குளத்தைக் காட்டி, "என் பொண்ணு. அந்தப் பக்கம் என் மருமக" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் ஓட்டுகிற பஸ்ஸில் தினமும் போகிறவர்களுக்கு டைவிங்கைப் பற்றி நடுவர்களுக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரியும். அந்த அளவுக்குப் பீற்றிக்கொள்வார்.

ஆனால் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு ரகசியம். மனுஷன் இதுவரை ஒரு டைவைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை! மகள் எட்டு வயதில் முதன்முதலாகப் பலகையில் ஏறின அன்றைக்குக் கண்ணை மூடினவர், இன்னும் திறக்கவில்லை. காலமெல்லாம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த நெரிசலில் பஸ் ஓட்டுகிறவர், மகள் பலகை நுனிக்கு வந்தால் போதும், இறுக்கி மூடிக்கொள்வார். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் திறந்து, எல்லோருக்கும் முன்னால் கைதட்டுவார்.

இறுதிச் சுற்றுக்கு முந்தின நாள் சாயங்காலம் அறையில் குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டே அவர் கேட்டார். "ஏம்மா, முன்னெல்லாம் நீங்க குதிச்சா தொப்புன்னு ஒரு சத்தம்தான் கேக்கும். இப்ப என்ன, ரெண்டு கேக்குது?"

"தூரத்துல உக்காந்திருக்கீங்க மாமா, எதிரொலியா இருக்கும்" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள்.

இறுதிச் சுற்று அன்று காலை கடைசிப் பயிற்சி முடிந்து எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். அண்ணிக்குத் துண்டைக் காணோம். டைவர்களுக்கு அந்தச் சின்னத் துண்டு உயிர் மாதிரி. ஒவ்வொரு தடவையும் உடம்பில் ஈரத்தை ஒற்றியெடுக்காவிட்டால், சுருளும்போது காலைப் பிடித்த கை வழுக்கிவிடும். தேடிப் போனால், வாண்டுவின் பலகைக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்கக் குனிந்தவள் சக்கரத்தைப் பார்த்தாள்.

கடைசியாக அந்தப் பலகையில் ஏறினவள் வாண்டுதான். சக்கரம் பின்னால் கிடந்தது. நன்றாகப் பின்னால். குருவி கனம்கூட இல்லாத வாண்டு, அவ்வளவு தளர்வாக என்றைக்குமே வைத்ததில்லை. அப்படி வைத்தால் தாமதமாகும் என்பது அவளுக்குத் தெரியாதா? கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அடிப்பாவி. வேண்டுமென்றே செய்கிறாள்!

அந்தப் பதினேழு வயதுப் பெண்ணோடு சிரித்த சிரிப்பு அண்ணிக்குக் கண் முன்னால் வந்து நின்றது. பதக்கம் வராவிட்டால் ஜோடி மாறும். மாறினால் யாருக்கு லாபம்? எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு சரியாக வந்தது. ரத்தம் கொதித்தது. கேட்டுவிடலாம் என்று போனால், வாண்டு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு மூக்கோடு மூக்கை உரசி விளையாடிக்கொண்டிருந்தாள். மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணி வாயை மூடிக்கொண்டாள்.

அந்தக் கோபத்தோடு முதல் மூன்று டைவும் போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. ஒவ்வொருத்தியையும் தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. சேர்த்துப் பார்த்தால் கட்டாயக் கல்யாணப் புகைப்படம். அந்த ஐந்து நடுவர்களும் கொஞ்சமும் தயவு காட்டவில்லை. எட்டு ஜோடியில் ஆறாவது இடம். மீதி இரண்டே டைவ்.

குளத்துக்குப் பக்கத்தில் வெந்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. டைவுக்கு டைவ் உடம்பு விறைத்துப் போகாமல் இருக்க அதில் உட்காருவார்கள். மற்ற நாட்டுப் பெண்கள் நாலைந்து பேர் கழுத்துவரை முங்கிக்கொண்டு இருந்தார்கள். அண்ணி வாண்டுவுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். சுற்றிலும் கேமரா. அதனால் முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"உன் சக்கரத்தைப் பாத்தேன்டி."

வாண்டுவின் முகம் செத்துப்போனது. "அண்ணி..."

"அண்ணியாவது வெண்ணெயாவது. அந்தப் பொண்ணோட குதிக்கணும்னா நேரா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கலாம். நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்? உலகமே பாக்கற இடத்துல கூட நின்னுகிட்டே கழுத்தை அறுக்கறே பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல."

வாண்டு வாயைப் பிளந்தபடி பார்த்தாள். பிறகு, கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக, பழைய வாண்டு வெடித்து வெளியே வந்தாள்.

"போடி லூசு! நான் கழுத்தை அறுக்கறேனா? உனக்காகத்தான்டி பின்னால தள்ளினேன்! நீ லேட்டா வந்தே. லேட்டுன்னு சொன்னா மனசு ஒடிஞ்சு போயிடுவியேன்னு, நானே மெதுவாக்கிக்கிட்டேன். பாத்தா நீ திடீர்னு முன்னால போறே. சரின்னு திருப்பி வெச்சா பின்னால போறே. பைத்தியமே பிடிச்சிருச்சு எனக்கு!"

பேசிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள்.

"நீ தள்ளும்போதெல்லாம் நானும் தள்ளிக்கிட்டு இருந்தேன்டி" என்றாள் அண்ணி. "உன் வேகத்துக்கு வரணும்னு."

"நீயுமா?"

"நானும்தான்."

வாண்டுதான் முதலில் சிரித்தாள். மூக்கில் வெந்நீர் ஏறிப் புரையேறுகிற மாதிரி ஒரு சிரிப்பு. அண்ணிக்கும் அடக்க முடியவில்லை. ஆறாவது இடத்தில் இருக்கிற ஜோடிக்கு என்ன இவ்வளவு சிரிப்பு என்று மற்றப் பெண்கள் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

"இப்ப என்ன பண்றது?" என்றாள் வாண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒருத்திதான் மாத்தணும். நான் மெதுவாக்கறேன், நீ உன் பழைய இடத்துலயே வை. அதுதான் உனக்குச் சுலபம்."

"வேண்டாம்." அண்ணியின் குரல் மாறியிருந்தது. "நீ உன் இடத்துல வை. மயிரிழைகூட நகராதே. என்னைத் திரும்பிப் பாக்காதே, எனக்காகக் காத்திருக்காதே. நான் வந்து சேந்துக்கறேன்."

"விறைப்பா வெச்சா கால் தாங்குமா அக்கா? வர முடியலேன்னா?"

"வர முடியலேன்னா, முடியலேன்னு உலகம் பாத்துக்கட்டும். நீ என்னை இடுப்புல தூக்கி வெச்சு ஒப்பேத்தினேன்னு ஒரு பதக்கம் வந்தா, அதை நான் எந்த மூஞ்சியோட என் பொண்ணுகிட்ட காட்டுவேன்?"

வாண்டு சரி என்று தலையை ஆட்டினாள். பெரிய மனசு வேண்டும் அதற்கு. உதவி செய்வதைவிடச் சும்மா இருப்பது கஷ்டம்.

நான்காவது டைவ். அண்ணி பலகையில் ஏறி, சக்கரத்தைக் காலால் முன்னே உருட்டினாள். பக்கத்துப் பலகையிலும் சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது. வாண்டு தன் பழைய இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். கீழே குளத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள், மேலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிவதற்காக. விசில் ஒலித்தது. அரங்கம் அடங்கியது.

"ஒண்ணு... ரெண்டு... போ!" என்றாள் அண்ணி.

கடைசி எட்டு வைத்து எம்பி, நுனியில் இறங்கி மிதித்தபோது பலகை கல்லு மாதிரி இருந்தது. தொடை கத்தியது. அவள் விடவில்லை. குழந்தையைச் சுமந்த உடம்பு இது, உன்னையா மிதிக்க முடியாது என்று மிதித்தாள். பலகை தாழ்ந்தது, தூக்கியது. மேலே போகும்போது ஓரக்கண்ணில் இன்னொரு உடம்பு தெரிந்தது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, பக்கத்திலேயே இருந்தது. பிறகு தண்ணீர், கூரை, தண்ணீர், கூரை, கையை நீட்டு, அவ்வளவுதான்.

தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கியபோது கைதட்டல் காதை அடைத்தது. நான்காவது இடத்துக்கு வந்துவிட்டார்கள். வெந்நீர்த் தொட்டிக்குக்கூடப் போகாமல் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். வாண்டு தன் துண்டால் அண்ணியின் முதுகை ஒற்றிவிட்டாள்.

ஐந்தாவது டைவ்தான் இருப்பதிலேயே கஷ்டமானது. முன்னால் பாய்ந்து இரண்டரைச் சுற்று, நடுவில் ஒரு முழுத் திருகு. அண்ணி மேலே ஏறி நின்றதும் பார்வையாளர் வரிசையைப் பார்த்தாள். என்றைக்கும் பார்க்கமாட்டாள், அன்றைக்குப் பார்த்தாள். அத்தனை கூட்டத்தில் அந்தத் துணித் தொட்டில்தான் தெரிந்தது.

"அக்கா, நான் திரும்பமாட்டேன்" என்றது பக்கத்துப் பலகையிலிருந்து மெதுவான குரல்.

"திரும்பினா உதைப்பேன்" என்றாள் அண்ணி. "ஒண்ணு... ரெண்டு... போ!"

அந்த டைவைப் பற்றி என்ன சொல்ல? கோச் இன்றைக்கும் அந்த விடியோவைத் தன் போனில் வைத்துக்கொண்டு, டீக்கடையில் கிடைத்தவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். ஒருத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தால் இன்னொருத்தி என்ன செய்கிறாள் என்று சொல்லிவிடலாமாம். தண்ணீர் தெறித்ததா என்றால், தெறித்த மாதிரியே தெரியவில்லை. அந்த ஐந்து நடுவர்களில் மூன்று பேர் ஒரே மதிப்பெண் போட்டார்கள், அன்றைக்கு அதற்கு மேலே யாருக்குமே அவர்கள் போடவில்லை.

மீதி ஜோடிகள் முடிக்கும்வரை இருவரும் குளக்கரையில் ஒரே துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி ஜோடியின் மதிப்பெண் மின்திரையில் ஒளிர்ந்தது. மூன்றாவது இடம்! நான்காவது ஜோடியோடு முழுசாக ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை, ஆனால் மூன்றாவது மூன்றாவதுதான். வாண்டு "அக்கா!" என்று போட்ட கூச்சலில் ஒரு கேமராக்காரர் பின்னால் நகர்ந்துவிட்டார். அண்ணிக்கு அழுகையும் வந்தது, தலை நிமிர்ந்து நடக்கவும் தோன்றியது. இரண்டையும் சேர்த்தே செய்தாள். நான் சம்பாதித்தது இது, யாரும் எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

கோச் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "அந்தச் சின்னப் பொண்ணுக்கு வேற ஆள்தான் தேடணும் போல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பதக்கம் வாங்கிக்கொண்டு இருவரும் பார்வையாளர் வரிசைக்கு ஓடினார்கள். அண்ணி குழந்தையை வாங்கிப் பதக்கத்தை அதன் கழுத்தில் போட்டாள். அது உடனே வாயில் வைத்துக் கடித்தது. மாமனார் எழுந்திருக்கவே இல்லை. எல்லோருக்கும் முன்னால் கைதட்டுகிற மனிதர், கையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ அடி வாங்கினவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று வாண்டு பயந்துபோனாள்.

"மாமா, இன்னைக்கு ரெண்டு சத்தம் கேட்டுச்சா, ஒண்ணு கேட்டுச்சா? அதைச் சொல்லுங்க" என்றாள் அண்ணி சிரித்துக்கொண்டே.

"நாலாவது தடவை ஒண்ணுதாம்மா கேட்டுச்சு" என்றார் அவர். "இத்தனை நாளா ரெண்டு ரெண்டா கேட்டுப் பழகிடுச்சா? ஒண்ணு மட்டும் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. ஐயோ, ஒருத்தி விழலையே, பலகையில எவளுக்கோ அடிபட்டுருச்சுன்னு பதறிப்போய்க் கண்ணைத் திறந்துட்டேன். பாத்தா, ரெண்டு பேரும் தண்ணிக்குள்ளேர்ந்து ஒண்ணா தலையைத் தூக்கறீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அஞ்சாவதுக்குக் கண்ணை மூட மனசே வரல. பாத்துட்டேன்."

அவர் மகளைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் இவர்களைப் பற்றி விலாவாரியாகப் பேசித் தீர்த்த மனிதருக்கு இப்போது பேச்சு வரவில்லை. இரண்டு பேர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, இதையா நீங்க ரெண்டு பேரும் இத்தனை வருஷமா பண்ணிட்டு இருந்தீங்க?"